கோவிந்தன் நேரில் வர வேண்டும்

"அம்மா, கோவிந்தன் நேர்ல வரணும். அவர் வந்து சைன் போட்டாதான் லாக்கர் ஓப்பன் ஆகும்."

கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்ற ராஜம்மா, கழுத்தில் கிடந்த கறுப்புக் கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். அதில் ஒரு சாவி தொங்கியது. கண்ணாடித் தடுப்புக்குக் கீழே இருந்த சந்து வழியாக அதை உள்ளே தள்ளினாள்.

"சாவி கீது பாரு சாமி. மைன்ஸ் மூடுன வருசத்திலேர்ந்து எங்கிட்டதான் கீது. அவரு எங்க வர்றது? செத்து ரெண்டு வருசம் ஆவுது."

"செத்தது குப்பன் அம்மா. டெத் சர்ட்டிபிகேட்ல குப்பன்னு இருக்கு. லாக்கர் கோவிந்தன் பேர்ல இருக்கு. கோவிந்தன் எங்க சிஸ்டம்ல உயிரோட இருக்கார்."

பையன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. ஹாசன் பக்கத்திலிருந்து வந்த இளம் மேலாளர் அவன், முப்பது வயது இருக்கும். திரையில் இருந்ததைப் படித்துச் சொன்னான், அவ்வளவுதான்.

நான் மூன்றாவது ஆளாக வரிசையில் நின்றிருந்தேன். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை வந்து, தாங்கள் இன்னும் சாகவில்லை என்று விரலை வைத்து நிரூபிக்க வேண்டும். அதற்காகப் போயிருந்தேன். என் விரலை அந்த மெஷின் இரண்டு தடவை ஏற்கவில்லை, திரும்பவும் வரிசையில் நிறுத்திவிட்டார்கள். செத்துப்போன கோவிந்தன் மட்டும் உள்ளே நிம்மதியாக உயிரோடு இருக்கிறான்!

"குப்பன்தான் கோவிந்தன், கோவிந்தன்தான் குப்பன்! இது இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?" என்று நான் வரிசையிலிருந்தே கத்திவிட்டேன்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க யாரு மேடம்?"

முப்பத்தோரு வருஷம் அதே கட்டடத்தில், அதே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவளைப் பார்த்துக் கேட்கிறான். அவனைச் சொல்லி என்ன? அவனுக்கு எப்படித் தெரியும்?

போன வாரம் இந்தத் தொடரில் அப்பாவின் மளிகைக் கடையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஓசூரிலிருந்து ஒரு வாசகி, "படித்தால் மனசுக்கு இதமாக இருக்கிறது அம்மா" என்று எழுதியிருந்தார். தாயே, இந்த வாரம் என்னை மன்னித்துவிடு. வயிறு எரிந்துகொண்டு எழுதுகிறேன், இதமெல்லாம் வராது.

இரண்டு பெயர்

எங்கள் கோலார் தங்கவயலில் ஆம்பளைகளுக்கு இரண்டு பெயர் இருப்பது அதிசயமே இல்லை. ஒன்று டோக்கன் பெயர், இன்னொன்று வீட்டுப் பெயர்.

சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்குக் கம்பெனி ஒரு பித்தளை டோக்கன் கொடுக்கும். அதில் எண் இருக்கும். அந்த எண்ணுக்கு நேரே கம்பெனிப் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர் அவனுடையதாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வயசு பத்தாதவன் அண்ணன் பெயரில் சேர்ந்திருப்பான். ஒரு தடவை வேலையை விட்டு ஓடிப்போனவன் மச்சான் பெயரில் திரும்பி வந்திருப்பான். ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் கூண்டில் இறங்கும்போது அவன் ஒருத்தன், மேலே வந்து குளித்துவிட்டு வீட்டுக்குப் போனால் வேறொருத்தன். யாரும் இதை ஏமாற்று என்று நினைத்ததில்லை. உள்ளே போய்ப் பாறையை உடைத்தது அந்த உடம்புதானே.

குப்பனுக்குப் பதினாறு வயசில் அப்பா படுத்துவிட்டார். அண்ணன் கோவிந்தன் அதற்கு முந்தின வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். அந்தக் காலத்தில் சாவைப் பதிகிற வழக்கம் ஏது? அண்ணனுடைய பள்ளிக்கூட சர்ட்டிபிகேட் மட்டும் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய்க் குப்பன் கோவிந்தனாக வேலையில் சேர்ந்தார். அப்புறம் முப்பது வருஷம் கோவிந்தன் என்ற பெயரில்தான் சம்பளம் வாங்கினார், தூசியைக் குடித்தார், நெஞ்சைக் கெடுத்துக்கொண்டார்.

மேனேஜரிலிருந்து வருகை எழுதுகிற டைம் ஆபீஸ் குமாஸ்தா வரைக்கும் கம்பெனிக்கு இது தெரியும். கடைசியில் மைன்ஸ் மூடும்போது, லைன் வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு காகிதம் கொடுத்தார்கள். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாகக் கட்டிய கம்பெனி வீடுகளைத்தான் லைன் வீடு என்போம். அந்தக் காகிதத்தில் 'கோவிந்தன் என்கிற குப்பன்' என்று தெளிவாக இரண்டு பெயரையும் போட்டே கொடுத்தார்கள்.

அந்தக் காகிதம்தான் ராஜம்மாவின் லாக்கரில் இருக்கிறது. லைன் வீட்டில் கூரை ஒழுகும், சுவரில் கரையான் ஏறும். ரேஷன் கார்டைக் கரையான் தின்ற மறுநாளே குப்பன் போய் லாக்கர் எடுத்தார். ஜெராக்ஸ் ஒன்று வைத்திருந்தாள் பாவம், தேர்தலுக்கு முன்னால் பட்டா வாங்கித் தருவதாக ஒருத்தன் அதை வாங்கிக்கொண்டு போனான். இன்னும் போய்க்கொண்டே இருக்கிறான்.

பச்சை போர்டு

இந்தக் கிளைக்கு எங்கள் ஊரில் போர்டின் நிறத்தை வைத்துத்தான் பெயர். முதலில் பச்சை போர்டு.

பச்சை போர்டு பேங்கை ஆரம்பித்தது ராபர்ட்சன்பேட்டை பஜார் வியாபாரிகள். என் அப்பாவும் அதில் ஒருத்தர். சம்பள நாளன்று மைன்ஸ் கேட்டுக்கு வெளியே தடியை ஊன்றிக்கொண்டு நிற்கிற வட்டிக்காரர்களைப் பார்த்துப் பார்த்து, இந்த ஜனத்துக்கு ஒரு பேங்க் வேண்டாமா என்று பேசிப் பேசி ஆரம்பித்தது. அப்பா அதை ஏதோ தர்மகாரியம் போலச் சொல்லிக்கொள்வார். அதெல்லாம் சும்மா. தொழிலாளி கையில் காசு நின்றால்தான் மளிகைக் கடையில் பருப்பு விற்கும் என்பது அப்பாவுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் நல்ல காரியம்தான்.

கோலார், மாலூர், பங்காரப்பேட்டை என்று அப்புறம் நாலைந்து ஊரில் அதே மாதிரி சின்னச் சின்ன பேங்குகளைச் சேர்த்துக்கொண்டு எங்கள் பேங்க் பெரிதானது. முதல் சேர்க்கை அது. அப்போது நாங்கள்தான் மற்றவர்களை விழுங்கினோம், அதனால் எங்களுக்கு அது தப்பாகப் படவில்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கெட்டி அட்டை இருந்தது. நீளமான மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருப்போம். முன்பக்கம் போட்டோ, டோக்கன் பெயர், கையெழுத்து அல்லது கைநாட்டு. பின்பக்கம் சிவப்பு மையில் வீட்டுப் பெயர், லைன் நம்பர், அங்க அடையாளம். தலைமை அலுவலகம் சொல்லி எழுதியதில்லை. எங்கள் கிளைக்கு மட்டும் இருந்த பழக்கம். ஒரே பெயரில் ஒன்பது முனிசாமி இருந்தால் வேறென்ன செய்வது?

குப்பன் அட்டையின் பின்பக்கம் நான்தான் சிவப்பு மையில் எழுதினேன். இடது புருவத்தில் தழும்பு. மனைவி ராஜம்மா. எழுதி முடித்ததும் அவர், "இன்னா பேங்கம்மா, பெரிய போலீஸ் ஸ்டேசன் மாதிரி எழுதுறீங்க" என்று சிரித்தார்.

நீல போர்டும் ஹாட்பாக்ஸும்

மைன்ஸ் மூடியதும் ஊரில் பாதிப் பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓட ஆரம்பித்தார்கள். மீதிப் பேர் வீட்டில் உட்கார்ந்து இருமினார்கள். பச்சை போர்டு தள்ளாடியது. ஓர் அரசாங்க பேங்க் வந்து எங்களை எடுத்துக்கொண்டது. போர்டு நீலமானது.

நீல போர்டு வந்த மூன்றாம் மாதம் கம்ப்யூட்டர் வந்தது. எல்லா அட்டையையும் திரையில் ஏற்ற வேண்டும். பெயர், பிறந்த தேதி, விலாசம், வாரிசு பெயர். கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். ஒரு நாளைக்கு இத்தனை அட்டை என்று கணக்குப் போட்டு விரட்டினார்கள். கோலாரிலிருந்து வந்த அதிகாரி, "முன்பக்கம் மட்டும் ஏத்துங்க, குறிப்பு காலியா இருந்தாலும் பரவாயில்லை, எந்தக் கிளை முதல்ல முடிக்குதோ அதுக்குப் பரிசு" என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

நான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு மை என் கண்ணில் பட்டது, என் கையெழுத்தே எனக்குத் தெரிந்தது. அந்தக் குறிப்புக் கட்டத்தில் 'வீட்டுப் பெயர் குப்பன்' என்று தட்ட எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இரண்டு நிமிஷம்கூட ஆகாது. தட்டவில்லை. எல்லாருக்கும்தான் தெரியுமே, குப்பனைத் தெரியாத ஆள் இந்தக் கிளையில் உண்டா, இதைப் போய் எழுதி வைக்க வேண்டுமா என்று நினைத்தேன். நாங்களே எப்போதும் இங்கே உட்கார்ந்திருப்போம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. முட்டாள்தனம்!

எங்கள் கிளைதான் முதலில் முடித்தது. எனக்கு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள், மாலை போட்டு போட்டோ எடுத்தார்கள். ஒரு வருஷத்தில் அதன் மூடி உடைந்துபோனது.

சிவப்பு, அப்புறம் ஊதா

நீல போர்டு பேங்கை இன்னொரு பெரிய அரசாங்க பேங்கோடு சேர்த்தார்கள். போர்டு சிவப்பானது. மரப்பெட்டிகள் எல்லாம் 'மத்திய ஆவண அறை'க்குப் போகின்றன என்று லாரி வந்தது. அந்த அறை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். லாரிக்காரனுக்கே தெரியவில்லை. பின்னால் கேள்விப்பட்டேன், காகிதக் கூழுக்குப் போட்டுவிட்டார்களாம். எங்கள் ஊர் ஜனத்தின் முகம், கைநாட்டு, தழும்பு எல்லாம் கூழாகி, யார் வீட்டு நோட்டுப் புத்தகமாகவோ ஆகியிருக்கும்.

அப்புறம் அரசாங்கம் தன் பங்கைத் தனியாருக்கு விற்றது. போர்டு ஊதாவானது. பழைய ஆட்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். அதில் விருப்பம் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். நானும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது எதில் தெரியுமா? ஒவ்வொரு தடவை போர்டு மாறும்போதும் குத்துவிளக்கு ஏற்றி, கேசரி கொடுத்து, "வாடிக்கையாளர்களுக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது" என்று ஒருத்தன் மைக்கில் பேசுவான். மூன்று தடவை கேட்டிருக்கிறேன், மூன்று தடவையும் கேசரி தின்றிருக்கிறேன். பேங்கை வாங்குகிறவன் கட்டடத்தை வாங்கினான், காசை வாங்கினான், நாற்காலியை வாங்கினான். ஜனங்களை வாங்கியவன் ஒருத்தனும் இல்லை. ஆளைத் தெரிந்த குமாஸ்தாவைச் செலவு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினான். இப்போது ஏதாவது கேட்க வேண்டுமென்றால் ஒரு நம்பர் இருக்கிறது, அடித்தால் பாட்டு ஓடும்.

இப்போது இந்தக் கிளையையே மூடுகிறார்கள். கோலார் கிளையோடு சேர்க்கிறார்களாம், ஊர்ப்பட்ட சேர்க்கை! அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் லாக்கரைக் காலி செய்யாவிட்டால் உடைத்து, உள்ளே இருப்பதை மூட்டை கட்டி பெங்களூரில் எங்கோ ஒரு கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். கதவில் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பேங்குக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழ் படிக்கிறவர்கள்.

திரும்பவும் கவுண்ட்டரில்

அன்று திங்கள்கிழமை. அடுத்த வாரம் லைன் வீடுகளைப் பார்க்க சர்வே ஆட்கள் வருவதாக இருந்தது. வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்தக் காகிதத்தின் பேரில் இருக்கிறார்கள் என்று எழுதுவார்கள். அசல் காகிதம் கையில் இல்லாதவர்களை 'ஆக்கிரமிப்பு' என்று எழுதிவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ராஜம்மாவுக்கு அந்த ஓர் அறை, ஒரு சமையல் மூலை தவிர வேறு போக்கிடம் கிடையாது. மகன் பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறான், வாடகை வீட்டில் மாமியார் மாமனாரோடு இருக்கிறான்.

நான் மேலாளர் பையனிடம் போனேன். "தம்பி, வாரிசு பேர்ல யார் இருக்காங்கன்னு பாருங்க."

பார்த்தான். "ராஜம்மா. ஹஸ்பெண்ட் கோவிந்தன்."

"இதோ நிக்கிறாங்களே ராஜம்மா."

"இவங்க ஆதார்ல ஹஸ்பெண்ட் குப்பன் இருக்கு மேடம். இவங்க வேற ராஜம்மா."

ராஜம்மா என்னைப் பார்த்தாள். "இன்னா பேங்கம்மா, நானே நான் இல்லன்றானா?"

"சரி தம்பி, ரெண்டும் ஒரே ஆள்னு எதைக் காட்டினா ஒத்துப்பீங்க?"

"கவர்ன்மென்ட், இல்லேன்னா கம்பெனி கொடுத்த டாக்குமென்ட். ரெண்டு பெயரும் அதுல இருக்கணும்."

"இருக்கே! ரெண்டு பெயரும் போட்டு கம்பெனியே கொடுத்த காகிதம் இருக்கு."

"அப்போ அதைக் கொண்டு வாங்க மேடம், இப்பவே லாக்கர் ஓப்பன் பண்ணிக் கொடுக்கிறேன்."

"அது லாக்கருக்குள்ளதான்யா இருக்கு!"

அவன் திரும்பவும் திரையைப் பார்த்தான். அப்புறம், "ஏன் மாடோது மேடம், சிஸ்டம்" என்று கன்னடத்தில் என்ன செய்வதெனக் கேட்டுக் கையை விரித்தான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்தத் திரையைத் தூக்கித் தரையில் அடிக்க வேண்டும்போல் இருந்தது. அடித்தால் மட்டும் என்ன, அதற்குள் நான் தட்டிய எழுத்துதானே இருக்கிறது.

கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். இரண்டு பெயரும் ஒருவரே என்று நேரடியாகத் தெரிந்த பழைய பேங்க் ஊழியர் யாராவது நோட்டரி முன்னால் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். "அப்படி யாராவது இன்னும் ஊர்ல இருக்காங்களா மேடம்?" என்று வேறு கேட்டான்.

கோலார் பஸ்

புதன்கிழமை நானும் ராஜம்மாவும் கோலாருக்கு பஸ் ஏறினோம். கோர்ட்டுக்கு எதிரே நோட்டரிகள் உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று சீக்கிரமே கிளம்பியதால் சாப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவள் இரண்டு தேங்காய் பன் வாங்கினாள், ஒன்றை என்னிடம் கொடுத்தாள். காசு கொடுக்கப் போனால் கையைத் தட்டிவிட்டாள்.

தங்கம் பிரித்தெடுத்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டைத் தாண்டும்போது காற்றில் அந்த வெள்ளைத் தூசி ஜன்னல் வழியாக வந்து பல்லில் நறநறத்தது. ராஜம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள்.

"வூட்ல யாராவது கோவிந்தான்னு கூப்டா திரும்பிக்கூட பாக்க மாட்டாரு, தெரியுமா? அது செத்துப்போன அண்ணன் பேரு, வூட்டுக்குள்ள அத்த சொல்லாதீங்கன்னு கத்துவாரு. கடைசீல ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறாரு, நர்சு குப்பன் யாருன்னு கேக்குது, அப்போதான் கைய தூக்குனாரு. மூச்சு உட முடியாதவரு கைய தூக்குனாரு பேங்கம்மா."

"ம்" என்றேன்.

"எந்தப் பாவி இப்படி ஒரு பேர மட்டும் எழுதி வெச்சான்னு தெரில. அவன் வெளங்குவானா?"

 அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், முழங்கை முழங்கையில் இடித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கோழை!

நோட்டரி வக்கீல் ஒரு பெண். ராஜம்மா ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தபோது என்னைக் கேட்டார். "இரண்டும் ஒரே ஆள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீடு என்றெல்லாம் எழுதினால் நிற்காது. பதிவில் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்றேன். அப்படியானால் அந்தப் பதிவு எங்கே என்று கேட்டார். அழித்துவிட்டார்கள் என்றேன். கம்ப்யூட்டரில் ஏன் ஏறவில்லை என்று கேட்டார்.

இனிமேல் எங்கே ஒளிவது? எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். 'அட்டையின் பின்புறம் இருந்த வீட்டுப் பெயரை என் கண்ணால் பார்த்தும், கணினியில் ஏற்றாமல் விட்டவள் நான்.' வக்கீல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தட்டச்சு செய்தார்.

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை மதியம் லாக்கர் கம்பெனி ஆள் துளைபோடுகிற மெஷினோடு வந்து காத்திருந்தான். மேலாளர் பையன் மூன்று தடவை மேலிடத்துக்குப் போன் போட்டான். கடைசியில் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"மேடம், லீகல்ல ஓகே சொல்லிட்டாங்க. ஆனா அந்த ஒரு லைன் வேண்டாமாம். 'ஏற்றாமல் விட்டவள் நான்' அது. பேங்க் மிஸ்டேக்னு ஆயிடும். அடிச்சிட்டு இனிஷியல் போடுங்க, பத்து நிமிஷத்துல லாக்கர் ஓப்பன்."

"அந்த வரி இல்லேன்னா எனக்கு எப்படித் தெரியும்னு யாராவது கேட்டா என்ன சொல்றது? அது இருந்தாதான் மத்ததெல்லாம் சாட்சி."

"உங்க பென்ஷனுக்கு ஏதாவது பிராப்ளம் ஆகும் மேடம். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"என் நல்லதை நான் பாத்துக்கறேன். அடிக்க மாட்டேன். நீங்க உடைச்சு பெங்களூருக்கு அனுப்புங்க, நான் இதே காகிதத்தை எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போறேன். அப்போ அந்த ஒரு வரியை ஊரே படிக்கும்."

 அதைப் பயத்தில் சொன்னேனா கோபத்தில் சொன்னேனா என்று கேட்டால் இரண்டும்தான். வீராப்பாகப் பேசிவிட்டேனே தவிர, ராஜம்மாவின் வீட்டை வைத்தல்லவா நான் சூதாடுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

பையன் திரும்பவும் போனோடு உள்ளே போனான். என்ன பேசினானோ, நாலு மணிக்கு வெளியே வந்தான். "ஓகே மேடம். ஆனா ரூல்படி, படிக்கத் தெரியாதவங்களுக்கு டாக்குமென்ட்டை வாசிச்சுக் காட்டணும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜம்மாவின் முன்னால் நின்று, தட்டுத்தடுமாறி அந்தத் தமிழை அவன் படித்தான். பெரிய எழுத்து, நல்ல பிரிண்ட். அந்த ஒரு வரியை மட்டும் தடுமாறாமல் தெளிவாகப் படித்தான். ராஜம்மா என் பக்கம் திரும்பவில்லை. கைநாட்டு வைத்தாள். அவள் சாவியும் பேங்க் சாவியும் ஒன்றாகத் திரும்பின. பெட்டிக்குள் ஒரு பால் கவரில் சுற்றி வைத்த காகிதமும் ஒரு ஜோடி கம்மலும் இருந்தன. கரையான் இல்லை, கறை இல்லை, இரண்டு பெயரும் அப்படியே இருந்தன.

வெளியே படிக்கட்டில் வந்த பிறகுதான் பேசினாள். நாற்பது வருஷமாக என்னை 'நீங்க' என்று மட்டும் கூப்பிட்டவள்.

"அப்போ அது நீதானா?"

"ஆமாம்."

"பின்னாடி எழுதியிருந்தத பாத்துட்டுதான் உட்டியா?"

"பாத்துட்டுதான். ரெண்டு நிமிஷ வேலை. எல்லாருக்கும் தெரியுமேன்னு விட்டேன்."

"ரெண்டு நிமிசம்." காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். "போன தபா பேங்குக்கு வந்தப்போ எம் மருமவ முன்னாடி கவுண்ட்டர்ல ஒரு பொண்ணு கேட்டுச்சு, நீ குப்பன் பொண்டாட்டியா கோவிந்தன் பொண்டாட்டியான்னு. எம் மருமவ சிரிச்சா. அந்தச் சிரிப்ப இன்னும் சோத்துல போட்டு துன்னுக்கினு கீறேன். பஸ்ல எம் பக்கத்துல குந்திக்கினு நான் வாங்கிக் குடுத்த பன்ன துன்னியே, அப்போவாவது வாய தொறந்தியா?"

 அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

இன்று காலை

சர்வே ஆட்கள் வந்து போனார்களாம். ராஜம்மாவின் காகிதத்தைப் பார்த்து, சரி என்று எழுதிக்கொண்டு போனார்களாம். பால்காரர் சொல்லித்தான் தெரியும். அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

இந்த அத்தியாயத்தில் எல்லா நிற போர்டையும் திட்டியிருக்கிறேன். ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன், அத்தனையும் அவர்களுக்குத் தகும். ஆனால் அந்தத் திட்டில் என் பங்கு எனக்கு வந்து சேர வேண்டும் இல்லையா? அதை அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் வாங்கிக்கொண்டேன். எத்தனை அட்டையின் சிவப்பு மையைப் பார்த்துவிட்டுக் கடந்து போனேன் என்று எனக்கே நினைவில்லை. சாம்பியன் ரீஃப் லைன்களில், மாரிகுப்பத்தில், இங்கே மைசூர் மைன்ஸில் இன்னும் எத்தனை கோவிந்தன்கள் அந்தத் திரைக்குள் சாகாமல் உட்கார்ந்திருக்கிறார்களோ.

இவ்வளவும் நேற்றே எழுதி முடித்து, பத்திரிகைக்கு அனுப்பக் கவரில் போட்டு வைத்திருந்தேன். இன்று காலை கேட் சத்தம் கேட்டது. ராஜம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் அவள் லைனைச் சேர்ந்த இன்னொரு அம்மாள், கையில் ஒரு பழைய பாஸ்புத்தகம், கண்ணெல்லாம் பயம்.

"உள்ளே வா ராஜம்மா" என்றேன்.

அவள் வரவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த அம்மாளை மட்டும் முதுகில் கைவைத்து உள்ளே தள்ளினாள். "இவதான் அது. எழுதித் தருவா, கேளு. பயப்படாத, நான் இங்கியே நிக்கிறேன்."

வெயிலில் நிற்கிறாளே என்று ஒரு நாற்காலியும் ஒரு சொம்புத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போனேன்.

"தண்ணி வேணாம்" என்றாள். "நீ போயி எழுது."